பயத்துக்கு ஒரு தாய்மாமன்

குழந்தையின் பயத்தை யார் வாங்கிக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் வீட்டிலிருந்த அத்தனை கண்களும் நவநீதன்மேல் வந்து நின்றன. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காது குத்தும்போது நிரஞ்சனாவை மடியில் வைத்திருந்தவன் அவன். அவள் பெரியவளானபோது லாரி பிடித்துச் சீர் கொண்டுவந்தவனும் அவன்தான். நாமக்கல் பக்கத்தில் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் முன்னால் போய் நின்றால் சொந்தபந்தம், அந்த ஊர்ப் பேச்சில் ஒறம்பரை, சும்மா விடாது. பயம் வாங்குவதும் அப்படி ஒரு காரியம்தானே என்று குழந்தையின் அம்மாவும் அவன் அக்காவுமான கோகிலா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும் விட்டாள்.

"நான் வாங்கலாந்தான் தம்பி. எனக்குப் பிரஷர் இருக்குது. மச்சானுக்குப் பண்ணை இருக்குது. நீ இருக்கையில நாங்க எதுக்கு?"

நவநீதன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதி நாட்டில் துளை போட்டவன். பாறையில் குழாய் சிக்கி வண்டியே சாய்ந்த சமயத்தில்கூட அதன் அடியில் புகுந்து நட்டைக் கழற்றியவன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பரிட்சைப் பயம் தன்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தான். "சரி குடுங்க, வாங்கிக்கலாம்" என்றான், ஏதோ கைநிறைய வேர்க்கடலை வாங்குவதுபோல.

ஒரு தலையில் இருக்கும் பயத்தை இறக்கி இன்னொரு தலையில் ஏற்றும் கருவி அப்போதுதான் நாமக்கல்வரை வந்திருந்தது. பாரமாற்றி என்று பெயர். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மட்டுமே அனுமதி. பெரியவர்கள் தங்கள் பயத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. வாங்குகிறவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், குழந்தையோடு ஒரே வீட்டில் தங்க வேண்டும். பயம் எங்கே பிறந்ததோ அங்கேயே இருந்து அனுபவித்தால்தான் அது அவரிடம் கரையுமாம்.

நிரஞ்சனாவின் அப்பா சம்பத் முட்டைப் பண்ணை வைத்திருந்தார். எந்தக் கோழிக்கு நாளைக்குச் சீக்கு வரும் என்று இன்றைக்கே சொல்லும் கருவிகள் அங்கே இருந்தன. மகள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. தேர்வறையில் அவளுடைய விரல்கள் மடங்கிக்கொண்டு, பேனாவைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. அதுவரை அவள்தான் வகுப்பில் முதல். டாக்டருக்குப் படிக்கப்போகிறவள் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. நுழைவுத் தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது.

மனநல மையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்களோடு போய் இறங்கினார்கள். வெற்றிலை பாக்கு, மாதுளை, மல்லிகைச் சரம் எல்லாம் வைத்த தட்டைச் சம்பத் எடுத்து நவநீதன் கையில் கொடுத்தார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆலோசகர் ஜெசிந்தா அந்தத் தட்டைப் பார்த்தார், வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டார் நான்கு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங் மேடம், பரிட்சைக்கு முன்னாடி சரியாயிருமுங்களா?" என்று சம்பத் கேட்டார். அவர் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

"அவ லேசாகலாம் சார். நீங்க நெனைக்கிற மாதிரி ஆவான்னு நான் வாக்கு குடுக்க முடியாது. சில பசங்க மொதல்ல முன்னவிட முரண்டு பிடிப்பாங்க. வீட்டுலயும் சிலது மாற வேண்டியிருக்கும்."

"வீட்டுல என்னங் மாறணும்? நல்லாத்தான வெச்சிருக்கறோம்."

"அது போகப் போகத் தெரியும். கருவி ஒரு நாள் வேலை. அதுக்கப்பறம் வாராவாரம் வந்து எங்கூடப் பேசுவா, அதுதான் வைத்தியம். இந்த அறையில அவ பேசறதையோ, இங்க நடக்கறதையோ உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவ உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்."

"பெத்தவங்ககிட்டக்கூடவா?" என்றாள் கோகிலா.

"உங்ககிட்ட சொல்லிருவேன்னு தெரிஞ்சா அவ எங்கிட்ட எதுக்கும்மா வாயத் தொறக்கப்போறா?"

கோகிலாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஜெசிந்தா நவநீதன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அவளோட கதை எதுவும் வராது. பயம் மட்டும்தான் வரும். எதப் பாத்துப் பயம்னு உங்க உடம்பே காட்டிக்குடுக்கும். தாங்க முடியலைன்னா ஒளிக்காம என்கிட்ட வாங்க."

"நான் பாக்காத பயமுங்களா" என்றான் நவநீதன். நிரஞ்சனா அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி மாமனைப் பார்த்தாள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருவரையும் படுக்கவைத்து நெற்றியில் பட்டை கட்டினார்கள். வெளியே ஒறம்பரை டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சம்பத் மையத்திலிருந்தே பண்ணைக்குப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் வீட்டுக்கு வந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் நவநீதன் தன் பயத்தைச் சோதித்துப் பார்த்தான். நிரஞ்சனாவின் இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். ஒன்றும் ஆகவில்லை, கொட்டாவிதான் வந்தது. பழைய வினாத்தாள்களை விரித்துவைத்து முறைத்துப் பார்த்தான். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று மணி அடிக்கும்வரை காத்திருந்தான். நெஞ்சு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கருவி வேலை செய்யவில்லை போலிருக்கிறது, தட்டு வைத்ததெல்லாம் வீண் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் சம்பத் பண்ணையிலிருந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "சாப்பிட்டீங்களா மாப்ள?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

நவநீதனுக்கு வயிறு புரண்டது. உள்ளங்கை வியர்த்தது. வலது கை விரல்கள் தாமாகவே மடங்கி உள்ளே போயின. பிசைந்த சோறு தட்டிலேயே விழுந்தது. எதிரே இருக்கும் மனிதரின் முகத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா, நெற்றி சுருங்கியதா, குழம்பில் உப்புக் குறைந்ததா, தன்மேல் ஏதும் குற்றமா என்று அவன் கண் தேடிக்கொண்டே இருந்தது. கூடப் பழகிய மச்சான், ஒரு சொல் கடுமையாகப் பேசாத மனிதர், அவரைப் பார்த்து இந்தப் பாடு. அவனுக்கு அவமானமாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் அந்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்தான். இத்தனை வருடம் நோம்பிக்கும் விசேஷத்துக்கும் வந்துபோன வீடுதான். சம்பத் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அவருடைய அப்பா அவரைப் புளியம்விளாரால் விளாசியவர். தான் பெற்ற பிள்ளைமேல் கை வைப்பதில்லை என்று சபதம் போல எடுத்துக்கொண்டு அதைக் காப்பாற்றியும் வந்தார். மனதுக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யார்மேல் கோபம், எதற்குக் கோபம் என்று சொல்ல மாட்டார். பண்ணை ஆட்களிடம் சிரித்துப் பேசுவார், நாய்க்குப் பிஸ்கட் போடுவார், பக்கத்தில் நிற்கும் மகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவள் ஆகிவிடுவாள்.

அந்த மாதிரி நாட்களில் கோகிலா மகளைக் கதவுக்கு முன்னால் அனுப்புவாள். "போய் மன்னிப்புக் கேளு சாமி. எதுக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம்" என்பாள். நிரஞ்சனா வகுப்பில் ஒரே ஒரு முறை இரண்டாவதாக வந்தபோது அந்தக் கதவு எவ்வளவு காலம் சாத்தியே இருந்தது என்பதை அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ஏதோ மழை பெய்யாமல் போன வருடத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நவநீதனின் விரல்கள் மறுபடியும் மடங்கின.

ரிக் வண்டியின் இரைச்சலில் வாழ்ந்தவனுக்கு ஒரு மனிதனின் மெதுவான குரல் இப்படி எமனாக வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். ஜெசிந்தாவிடம் போனான். "எனக்கு எதப் பாத்துப் பயம்னு தெரிஞ்சுபோச்சுங் மேடம்" என்றான்.

"என்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. தெரிஞ்சத வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?"

"இது பேசுனாக் கரையற பயமாத் தெரியலீங்."

"பேசாம கரையற பயமாத் தெரியுதா?"

அவன் வீட்டுக்குத் திரும்பினான்.

நிரஞ்சனா இந்த நாட்களில் தேறிக்கொண்டு வந்தாள். வாராவாரம் ஜெசிந்தாவிடம் போய்வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், மாமனோடு உட்கார்ந்து ரிக் வண்டிக் கதைகள் கேட்டாள். கோகிலாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை சரியாகிவிட்டாள், இனி புத்தகத்தை எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். புத்தகத்தின்மேல் தூசு படிந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது நிரஞ்சனா அப்பாவை நேராகப் பார்த்து, ரசம் வேண்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னாள்.

"அப்பா, நான் நுழைவுத் தேர்வு எழுதலீங்ப்பா. எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம். வேற என்ன படிக்கறதுன்னு யோசிச்சுச் சொல்றேன்."

சம்பத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. நவநீதனுக்கு உயிரே போய்த் திரும்பியது. நிரஞ்சனாவோ தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். அம்மா கண்ணைக் காட்டியும் கதவுப் பக்கம் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அடுத்தடுத்த நாட்களும் போகவில்லை. பயம் போனால் பிள்ளை எப்படி இருக்கிறாள் பார் என்று நவநீதன் மலைத்துப்போனான். இதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் கொல்லைப்பக்கம் ஓடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அவர்கள் எல்லோரும் கணக்குப் போட்டதில்தான் தப்பு இருந்தது. பயம் படிப்பைக் கெடுக்கிறது, பயத்தை எடுத்துவிட்டால் படிப்பு ஓடும் என்று நினைத்தார்கள். அவளை இத்தனை வருடம் படிக்கவைத்ததே அந்தப் பயம்தான் என்று இப்போது அவர்களுக்குத் தோன்றியது. உடனே அதைத் திருப்பி அவள்மேலேயே ஏற்றுவது என்று சம்பத் வந்து சேர்ந்த முடிவு நவநீதனுக்கு நினைத்தாலே கொதித்தது.

மண்டலம் முடிவதற்குள் கேட்டால் பயத்தைத் திருப்பி ஏற்றலாம் என்று விதியில் இடம் இருந்தது. வாங்கியவர் தாங்க முடியாமல் தவித்தால் வழி வேண்டும் என்று வைத்த விதி. பெற்றோர் கேட்க வேண்டும், வாங்கியவர் சம்மதிக்க வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளையை யாரும் கேட்க வேண்டியதில்லை. ஜெசிந்தா தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். சேலத்தில் வேறொரு மையத்தில் செய்துகொடுக்கிறார்கள் என்று சம்பத் விசாரித்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சம்பத் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நவநீதனுக்கு எதிரே உட்கார்ந்தார். கோகிலா சமையலறை வாசலில் நின்றாள்.

"உங்களுக்கும் சிரமம் மாப்ள. எளச்சுப்போனீங்க. நாளைக்குச் சேலம் போயிட்டு வந்தம்னா நீங்களும் ரிக்குக்குப் போயிரலாம்."

"அம்மணிக்கு மறுபடியும் வந்துருமுங்களே மச்சான்."

"பயம் இருந்தப்பவாச்சும் படிச்சா" என்றார் சம்பத்.

"கொஞ்சமாச்சும் பயம் வேணுந்தான தம்பி, பொட்டப்புள்ளைக்கு" என்றாள் கோகிலா. அவளுக்கும் அந்தக் கதவு பல வருடப் பழக்கம்.

நவநீதனின் உடம்பு முழுக்கச் சரி என்று சொல்லத் துடித்தது. சரி என்று சொன்னால் அந்த முகம் மலரும். நாளை மறுநாள் இந்த வயிறு, இந்த விரல், இந்த வியர்வை எதுவும் இருக்காது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய ஆம்பளை, பதினேழு வயதுப் பெண்ணின் பயத்தை உடம்பில் வைத்துக்கொண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமானவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மடங்கிய விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"முடியாதுங் மச்சான்."

"என்னங்க?"

"தாய்மாமன் சபையில வாங்குனதத் திருப்பிக் குடுக்கறது நம்ம வழக்கத்துல இல்லீங்."

"சீர் குடுக்கறவன்தான் தாய்மாமன். வாங்கறவனில்ல."

"நீங்கதான் தட்டு வெச்சுக் குடுத்தீங்க. வெத்தல பாக்கு வெச்சு, ஒறம்பரையக் கூட்டி வெச்சுக் குடுத்தீங்க. எங்கிட்ட வந்தது வந்ததுதான். சேலத்துக்கு நீங்க போயிட்டு வாங்க, நான் வரல." மூச்சு வாங்கியது அவனுக்கு. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னான். "புத்தகத்தப் பாத்தன், பயமில்ல. பள்ளிக்கூடத்தப் பாத்தன், பயமில்ல. உங்களப் பாத்தாத்தான் எனக்குக் கொடலு நடுங்குது மச்சான். இப்பவும் நடுங்குது. அம்மணி உங்களுக்குத்தான் பயந்துச்சு."

சம்பத்தின் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "நான் ஒரு அடி அடிச்சிருப்பனா? ஒரு வார்த்த திட்டியிருப்பனா?"

"இல்லீங். அடின்னா வாங்குன ஒடனே முடிஞ்சுருது. இது எப்ப முடியுமின்னே தெரியறதில்லைங்."

சம்பத் அவனைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய பேச்சு நின்றுவிட்டது. நவநீதனுக்கு மன்னிச்சுக்கங்க மச்சான் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது, அதை விழுங்கினான். மறுபடியும் வந்தது, மறுபடியும் விழுங்கினான். சம்பத் எழுந்து தன் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. கோகிலா பதறிக் கதவை நோக்கி ஓடப்போனாள்.

"உக்காரு அக்கா" என்றான் நவநீதன். "இன்னிக்கு ஒரு நாளு போகாத. செத்துப்போக மாட்டம்."

அவள் நின்றாள். கதவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கேட்காமலேயே கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு.

மாடிப்படியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நிரஞ்சனா இறங்கி வந்து மாமன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கை நடுங்குதுங்களா மாமா?"

"போச்சாது விடு அம்மணி. உனக்கு வந்துட்டு இருந்தது எனக்கு வந்திருக்குது. அவ்வளவுதான்."

அவள் தன் வலது கையை நீட்டினாள். விரல்கள் அவனுடையவை போலவே உள்ளே மடங்கிக் கிடந்தன. நவநீதன் அதைப் பார்த்தான். எதுவும் விளங்கவில்லை.

"உனக்கேது? அதான் எல்லாத்தையும் நான் வாங்கிட்டனே."

"இல்லீங் மாமா. சில பேருக்கு எறங்காதாம். வாங்கறவங்களுக்கு அதே மாதிரி ஒண்ணு வந்துரும், குடுத்தவங்ககிட்ட இருக்கறது அப்படியே இருக்குமாம். கருவியக் கழட்டுன ஒடனே மேடத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒரு பொட்டுக்கூட எறங்கல. வீட்டுல சொல்லட்டுமான்னு கேட்டாங்க. வேண்டான்னுட்டேன். உங்களுக்காவது சொல்லிரலாம்னு வாராவாரம் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."

"அப்ப அன்னிக்கு, சாப்புடறப்ப, பரிட்சை எழுதலைன்னு சொன்னியே."

"பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். கைய மேசைக்கு அடியில வெச்சிருந்தேன்."

நவநீதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் வாந்தியும் தூக்கமில்லாத இரவும் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் போனதா என்று இருந்தது. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு. நான் என்னத்துக்கு இதச் சொமந்தேன்?"

"சொல்லியிருந்தா அப்பா உங்கள அப்பவே ரிக்குக்கு அனுப்பியிருப்பாங்க." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அப்பாவப் பாத்தாத்தான் பயம்னு நான் சொன்னப்ப அம்மாவே நம்பல. அப்பா என்ன பண்ணிட்டாருன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. மொத நாளு நீங்க சோத்தத் தட்டுலயே போட்டுட்டுக் கொல்லைக்கு ஓடுனீங்கல்ல, அப்பத்தான் நான் பொய் சொல்லலன்னு எனக்கே தெரிஞ்சுது. உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும் மாமா. அது தப்புத்தான். ஆனா நீங்க இந்த வீட்டுல இருக்கணும்னு இருந்துச்சு."

அவனுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் பயத்தில் ஒரு துளிகூடக் குறையாமல் அந்தப் பிள்ளை அப்பாவை நேராகப் பார்த்துப் பேசியிருக்கிறாள், தட்டில் இருந்ததையும் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கிறாள். சாய்ந்த வண்டிக்குக் கீழே புகுந்து நட்டுக் கழற்றியதை அவளிடம் பெருமையாகச் சொன்னதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நிரஞ்சனா எழுந்தாள். "திருப்பி ஏத்தறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு அப்பாகிட்ட நானே சொல்லிர்றேன்" என்றாள்.

"நானும் வரட்டுமா?"

"பின்னாடி நில்லுங்க. பேச வேண்டாம்."

மூவரும் கூடத்தைக் கடந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். கோகிலா எப்போது எழுந்து வந்தாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நவநீதனுக்குப் பக்கத்தில் அக்காவின் மூச்சு வேகமாக வந்துபோவது கேட்டது. நிரஞ்சனா மடங்கிய விரல்களின் முட்டியால் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து அந்த மெதுவான குரல்.

"நான்தானுங்ப்பா, நிரஞ்சனா. மன்னிப்புக் கேக்க வரலீங்ப்பா."